எம்.எல்.ஏ. எங்கே போனார் என்று தெரிகிறது, அவையில் என்ன கேட்டார் என்று தெரியவில்லை

3 மே 2025, வாசகர் ஒருவர் வைத்த கேள்வி

எங்கள் எம்.எல்.ஏ. வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார். காலையில் நிகழ்ச்சி நிரல் வந்துவிடும், ராத்திரிக்குள் போட்டோக்கள் வந்துவிடும். அப்பா காலத்தில் எம்.எல்.ஏ. முகத்தை ஓட்டுக் கேட்க வரும்போதுதான் பார்ப்பார்கள். தொகுதி மக்களுக்குத் தகவல் சொல்வதில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்? குறை சொல்கிறவர்கள் சொல்லுங்கள் பார்ப்போம்.

3 மே 2025, மாலை

சொல்கிறேன். எங்கள் தொகுதியிலும் அதே மாதிரி ஒரு குழு உண்டு, நானும் அதில் இருக்கிறேன். ஏப்ரல் மாதச் செய்திகளை இன்று மேலிருந்து கீழே வரை தள்ளிப் பார்த்தேன். காதணி விழா, புதுமனை புகுவிழா, தண்ணீர்ப் பந்தல் திறப்பு, ரேஷன் கடைக்கு அடிக்கல், மூன்று துக்க வீடு, ஒரு கபடிப் போட்டி. அதே ஏப்ரலில்தான் சென்னையில் பேரவை நடந்தது. மார்ச் 14 பட்ஜெட், மறுநாள் வேளாண் பட்ஜெட், 24-லிருந்து ஏப்ரல் 29 வரை துறை துறையாக மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு துறைக்கும் செலவுக்குப் பணம் கேட்கிற விவாதம். நம் ஊர் ஆஸ்பத்திரிக்கும் ஏரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் வருமா வராதா என்று பேசுகிற மாதமே அதுதான். அதைப் பற்றிக் குழுவில் வந்தது ஒரே ஒரு வீடியோத் துண்டு. அதிலும் பாதி நேரம் தலைவர்களுக்கு நன்றி.

உங்கள் எம்.எல்.ஏ. எங்கே போனார் என்று உங்களுக்குத் தெரிகிறது. அவர் உங்களுக்காக என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, அது தெரியுமா?

4 மே 2025

ஒருவர் எழுதியிருக்கிறார்: "அதுதான் நேரலை வந்துவிட்டதே, உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதானே."

நேரலை என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. 2022 ஜனவரி 6-ல் தொடங்கியது கேள்வி நேரத்தின் நேரலை. மசோதா விவாதம், மானியக் கோரிக்கை விவாதம் எல்லாவற்றையும் கேள்வி நேரம்போல் முழுதாகப் பார்க்க முடிந்தால்தான் சபை வீட்டுக்கு வந்தது என்று சொல்லலாம். நாடாளுமன்றத்துக்குச் சன்சத் டிவி இருக்கிறது. கேரளச் சட்டசபை 2020-லேயே சபா டிவி என்று சொந்தமாக ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று. வேலைக்குப் போகிற எவன் காலைப் பொழுதில் பேரவையைப் பார்த்துக்கொண்டிருப்பான்? நேரலை வந்துவிட்டால் எம்.எல்.ஏ. சொல்ல வேண்டியது குறைந்துவிடாது. எந்த நாள், எந்த நிமிடம், எந்தக் கேள்வி என்று அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

4 மே 2025, இரவு

மறந்துவிட்டேன். வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கக்கூடிய உச்சம் 1,024 பேர். 2025 ஜனவரிப் பட்டியல்படி தமிழ்நாட்டில் ஆறு கோடிக்கு மேல் வாக்காளர், 234 தொகுதி. தொகுதிக்குச் சராசரி இரண்டரை லட்சத்தைத் தாண்டும். சோழிங்கநல்லூரில் ஆறரை லட்சத்துக்கும் மேல். குழுவில் இருக்கிற ஆயிரம் பேரில் கட்சிக் கிளைச் செயலாளர்கள், ஒப்பந்தக்காரர்கள், நிருபர்கள், அப்புறம் என்னைப் போல் தொழில் நிமித்தம் சேர்ந்தவர்கள் போக மிச்சம் எத்தனை பேர் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதுவும் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று பூட்டு வேறு.

9 மே 2025

தொழில் என்ன என்று கேட்டார்கள். அச்சகம். அப்பா டிரெடில் வைத்திருந்தார், நான் ஆஃப்செட். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் நோட்டீஸ். இடையிடையே எம்.எல்.ஏ.க்களின் "சாதனை மலர்". எல்லாக் கட்சிக்கும் அடித்திருக்கிறேன், எல்லாக் கட்சியிலும் பாக்கி நின்றிருக்கிறது. அதனால் எனக்குப் பாரபட்சம் கிடையாது.

மலர் எப்படித் தயாராகும் என்று சொல்கிறேன். பி.ஏ. ஒரு பையில் போட்டோக்களும் கையெழுத்தில் கொஞ்சம் மேட்டரும் கொண்டுவருவார். முன் அட்டையில் தலைவர் படம் எவ்வளவு பெரிசு, அடுத்தவர் படம் எவ்வளவு, மாவட்டச் செயலாளர் படம் எந்த மூலை என்பதற்கே அரை நாள் ஓடிவிடும். இந்த அளவு விஷயத்தில் அவர்களுக்கு இருக்கிற கண் எந்தச் சர்வேயருக்கும் கிடையாது. எம்.எல்.ஏ. பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி நான்கு வரி. உள்ளே "ஆணைக்கிணங்க", "நல்லாசியுடன்", "பொற்கரங்களால்" எல்லாம் வந்துவிடும்.

ஒருமுறை ஒரு எம்.எல்.ஏ.வின் மலருக்கு மேட்டரோடு ஒரு தாள் தவறிச் சேர்ந்து வந்தது. தொகுதி மேம்பாட்டு நிதிப் பணிகளின் பட்டியல். வரிசை எண், ஊர், பணியின் பெயர், மதிப்பீடு, முடிந்ததா, நடப்பிலா. ஆபீசில் யாரோ டைப் அடித்த உள் தாள். எனக்கு அது பிடித்துப்போயிற்று, நடுப்பக்கத்தில் கட்டம் போட்டு அழகாக வைத்தேன். புரூஃப் பார்த்த பி.ஏ. முகம் மாறிவிட்டது.

"அண்ணே, இதை எடுத்துருங்க."

"ஏன் தம்பி, எல்லாம் செஞ்ச வேலைதானே?"

"செஞ்ச வேலைதாண்ணே. ஆனா இதைப் பார்த்தா எந்த ஊருக்கு வரலைன்னு தெரிஞ்சுரும்ல."

கட்டம் போயிற்று. அந்த இடத்தில் மரக்கன்று நடுகிற படம் வந்தது.

அவர் சொன்னதில் தப்பில்லை, அவர் பார்வையில். தகவல் என்றால் இல்லாததையும் சேர்த்துக் காட்டும். புகழ்ச்சிக்கு அந்தத் தொல்லை கிடையாது.

10 மே 2025

"கட்சிக்காரன் காசில் அடிக்கிற மலரில் நடுநிலை எதிர்பார்க்கலாமா" என்று ஒரு கேள்வி. எதிர்பார்க்கவில்லை. ஆனால் சம்பளம் நம் காசுதானே? 2017-ல் உயர்த்திய பிறகு எம்.எல்.ஏ.வுக்கு மாதம் 1,05,000 ரூபாய். அடிப்படைச் சம்பளத்தோடு தொலைபேசிப் படி, தொகுதிப் படி எல்லாம் சேர்ந்த தொகை. தபால் படியும் அதில் ஒரு இனம்.

தபால் படி! இத்தனை வருடத்தில் உங்கள் வீட்டுக்கு எம்.எல்.ஏ.விடமிருந்து ஒரு கார்டு வந்ததுண்டா? பொங்கல் வாழ்த்து கணக்கில் சேராது.

17 மே 2025

காதணி விழாவைக் கிண்டல் செய்ததற்கு ஒரு ஆசிரியை கோபமாக எழுதியிருந்தார். அவர் ஊரில் எம்.எல்.ஏ. ஒரு காதணி விழாவுக்கு வந்தபோதுதான், பள்ளிக்குப் போகிற வழியில் ஓடைப் பாலம் உடைந்து கிடப்பதைப் பெண்கள் சுற்றி நின்று சொன்னார்களாம். மனு எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போகத் தெரியாத பெண்கள். அடுத்த மழைக்கு முன் தற்காலிகமாகக் குழாய் போட்டு வழி செய்து கொடுத்தார்களாம்.

இதை யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் பேசியது மேலிருந்து கீழே வருகிற தகவலைப் பற்றி. கீழிருந்து மேலே போகிற தகவலுக்கு நம் ஊரில் விசேஷ வீட்டைவிட நல்ல வாசல் கிடையாது. துக்க வீட்டில் ஒரு எம்.எல்.ஏ. பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தாரா இல்லையா எல்லாம் காதில் விழுந்துவிடும். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் நாளில் டோக்கன் போட்டு நின்றாலும் இவ்வளவு விவரம் அவருக்குக் கிடைக்காது.

ஆகவே அவர் போகட்டும், நன்றாகப் போகட்டும். போட்டோவின் கீழே ஒரு வரி மட்டும் சேர்க்கட்டும்: அங்கே மக்கள் இதைச் சொன்னார்கள், இந்த அதிகாரியிடம் இன்ன தேதியில் சொல்லியிருக்கிறேன். அந்த வரி இல்லாத போட்டோ எனக்கு ஆல்பம்தான்.

18 மே 2025

மேலே ஒருவர், "எம்.எல்.ஏ. கையில் வருடத்துக்கு மூன்று கோடி, இஷ்டத்துக்குச் செலவு செய்யலாம்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். இது டீக்கடையில் அடிக்கடி கேட்கிற கதை, அப்படியே விட மனசில்லை.

தொகை சரி. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. எம்.பி.க்கு 5 கோடி, அது 1993-லிருந்து நடக்கிற தனித் திட்டம். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட எம்.எல்.ஏ. கைக்கு வராது. அவர் செய்வது பரிந்துரை. இந்த ஊரில் பயணியர் நிழற்குடை, அந்தப் பள்ளியில் வகுப்பறை, இன்ன தெருவில் ஹைமாஸ் விளக்கு என்று எழுதிக் கொடுப்பார். எஸ்டிமேட் போட்டு, கலெக்டர் நிர்வாக அனுமதி கொடுத்து, ஊராட்சி ஒன்றியமோ நகராட்சியோ டெண்டர் விட்டு வேலை நடக்கும். மாவட்டத்தில் இதைப் பார்த்துக்கொள்வது ஊரக வளர்ச்சி முகமை.

இதனால் இரண்டு விஷயம். வேலை மட்டமாக இருந்தால் எம்.எல்.ஏ.வை மட்டும் திட்டிப் பயனில்லை, அளவெடுத்துப் பில் போட்ட பொறியாளரையும் கேட்க வேண்டும். இரண்டாவது, இவர் எதைப் பரிந்துரைத்தார் என்பது ரகசியம் கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு முகமையிடம் கேட்டால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பத்து ரூபாய் செலவழித்து முப்பது நாள் நாம் காத்திருந்து வாங்க வேண்டிய தாள், பி.ஏ.வின் மேசை டிராயரில் ஏற்கெனவே இருக்கிறது. அதை நான் பார்த்திருக்கிறேன், என் கையால் கட்டம் போட்டிருக்கிறேன். அதுதான் எரிச்சல்.

25 மே 2025

தொகுதி நிதி பேச்சு வந்ததால் இன்னொன்று ஞாபகம் வந்தது. 2022 ஆகஸ்டில் முதல்வர் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதினார். கட்சி பேதமில்லாமல், உங்கள் தொகுதியில் நீண்ட நாளாக நிறைவேறாத முக்கியக் கோரிக்கைகள் பத்தை எழுதி மாவட்ட கலெக்டரிடம் கொடுங்கள் என்று. "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" திட்டம்.

நல்ல யோசனை. ஒரு தொகுதியின் பத்துத் தேவைகள் ஒரே தாளில். எங்கள் தொகுதியின் பத்து எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுப் பார்த்தேன், ஆளாளுக்கு ஒரு பத்துச் சொல்கிறார்கள். ரயில்வே மேம்பாலம் இருக்கிறதாம், இல்லையாம். அரசுக் கல்லூரி ஏழாவதாம், இல்லை இரண்டாவதாம். சில தொகுதிகளில் எம்.எல்.ஏ.க்கள் நிருபர்களிடம் பட்டியலைக் கொடுத்தார்கள், பத்திரிகையில் வந்தது. அங்கேயெல்லாம் மக்கள் சண்டை போட்டிருக்கிறார்கள், எங்கள் ஊர் ஏன் இல்லை என்று. போடட்டும். அந்தச் சண்டைதான் தொகுதி அரசியல். பட்டியல் வெளியே வராத இடத்தில் சண்டையும் இல்லை, பத்தில் எத்தனை முடிந்தது என்று கேட்க ஆளும் இல்லை.

உங்கள் தொகுதியின் பத்து தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள்.

31 மே 2025

யாரும் எழுதவில்லை.

8 ஜூன் 2025

"சட்டமன்ற உறுப்பினர் சட்டம் செய்கிறவர்தானே, அவர் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று மாதாமாதம் சொல்லலாமே" என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே நல்லது இதுதான், பதிலும் சங்கடமானது.

நம் பேரவையில் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பு. "ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க." குரல் எழும்பும், சபாநாயகர் "நிறைவேறியது" என்பார். யார் வாய் திறந்தார், யார் திறக்கவில்லை என்று பதிவே கிடையாது. தலையை எண்ணுவது அபூர்வம். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் எண்ணினார்கள், 122-க்கு 11. அது போலெல்லாம் எப்போதாவது. எண்ணினாலும் இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்கிற கட்சிக் கொறடா உத்தரவு இருக்கிறது, 1985-லிருந்து கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். எனவே "நான் இப்படி ஓட்டுப் போட்டேன்" என்று அவர் எழுதினால், "என் கட்சி சொன்னபடி போட்டேன்" என்பதுதான் அதன் பொருள்.

அப்படியானால் சொல்ல ஒன்றும் இல்லையா? 2023 ஏப்ரல் 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா, எல்லோரும் "12 மணி நேர வேலை மசோதா" என்று சொன்னது, அன்று நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில், 24-ம் தேதி, நிறுத்தி வைத்தார்கள். மே 1 தொழிலாளர் தினத்தில் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

பத்து நாளில் ஒரு மசோதா நிறைவேறித் திரும்பிப் போனது. ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ திருப்பூரிலோ ஷிப்ட் வேலை பார்க்கிறவருக்கு இதைவிட நேரடியான விஷயம் வேறு என்ன? அந்தத் தொகுதிகளின் எம்.எல்.ஏ. ஒவ்வொருவரும் நாலு வரி எழுதியிருக்கலாம்: மசோதா இதைச் சொல்கிறது, உங்கள் ஷிப்ட் இப்படி மாறலாம், நான் இதை ஆதரிக்கிறேன் அல்லது எதிர்க்கிறேன், எங்கள் கட்சிக்குள் இதைச் சொன்னேன். ஓட்டு அவர் கையில் இல்லாமல் இருக்கலாம், விளக்கம் அவர் கையில்தானே இருக்கிறது.

அதே ஏப்ரல் 21-ல் நிறைவேறிய இன்னொரு மசோதா நில ஒருங்கிணைப்புச் சட்டம், சிறப்புத் திட்டங்களுக்கானது. பெரிய திட்டம் வருகிற இடத்தில் ஏரி, ஓடை, கால்வாய் குறுக்கே வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியது. விவசாயச் சங்கங்கள் பிறகுதான் விழித்துக்கொண்டு போராடின. 12 மணி நேரச் சத்தத்தில் இது யார் காதிலும் விழவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதாக்களைக் கொத்தாக நிறைவேற்றுகிற வழக்கம் எல்லா ஆட்சியிலும் உண்டு. கடைசி நாளுக்கு மறுநாள் ஒரு எம்.எல்.ஏ. தொகுதிக்குத் திரும்பி, "நேற்று இத்தனை மசோதா போயிற்று, நம்மைத் தொடுவது இது" என்று ஒரு குரல் பதிவு போட்டால் போதும். அதற்கு அடைமொழியும் வேண்டாம், அட்டைப் படமும் வேண்டாம்.

8 ஜூன் 2025, சற்றுப் பிறகு

பேரவை விதி 110 பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். அந்த விதியின் கீழ் முதல்வரோ அமைச்சரோ அறிக்கை படித்தால் விவாதம் கிடையாது, கைதட்டல் உண்டு. எம்.எல்.ஏ. மேசையைத் தட்டுகிற சத்தம் மட்டும்தான் அவர் பங்கு.

21 ஜூன் 2025

"நீங்கள் சொல்கிற தகவல் எல்லாம் இணையத்தில் இருக்கிறது, எம்.எல்.ஏ. எதற்கு" என்று ஒருவர். இருக்கிறது, மறுக்கவில்லை. ஒவ்வொரு துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும் மானியக் கோரிக்கை நாளில் தமிழில் வந்துவிடும். அதைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அச்சுக்காரனின் வியாதி. 1952 முதலான பேரவை நடவடிக்கைகளை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். நம் தாத்தா காலத்து எம்.எல்.ஏ. என்ன கேட்டார் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம், பொழுது போவது தெரியாது. வாய்க்கால், வாய்க்கால், வாய்க்கால். நடுவில் ஒரு ரயில் நிறுத்தம்.

ஆனால் நெடுஞ்சாலைத் துறைக் குறிப்பு நூறு பக்கத்துக்கு மேல் ஓடும். அதில் நம் தொகுதிக்கான வரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலையைக் கூலி வேலைக்குப் போகிறவர் செய்ய முடியாது. எம்.எல்.ஏ.வுக்கு அந்தப் புத்தகம் மேசையிலேயே வந்துவிடுகிறது. ஒரு பென்சிலால் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பலாம்.

6 ஜூலை 2025

மதுரைப் பக்கத்து நண்பர் அரிட்டாபட்டியைப் பற்றி எழுதச் சொன்னார். நான் அங்கே போனதில்லை, நடந்தது ஊரறிந்தது.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேருக்கு மேல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று மாநில அரசு அறிவித்தது. 2024 நவம்பரில் ஒன்றிய அரசின் சுரங்க ஏலத்தில் அந்த வட்டாரம் டங்ஸ்டனுக்காக ஒரு நிறுவனத்துக்குப் போனதாக அறிவிப்பு வந்தது. அதே நவம்பர் 23 கிராம சபையில் ஊர்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் பேரவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7-ல் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்கு நடந்தே போனார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்து.

இதைச் சொல்ல வந்தது ஏனென்றால், மே மாதம் நான் எழுதியதில் எல்லாமே எம்.எல்.ஏ.வில் தொடங்கி எம்.எல்.ஏ.வில் முடிகிறது. இங்கே வரிசை வேறு. முதலில் ஊர்க்காரர்களின் தீர்மானம், பிறகுதான் கோட்டையில் தீர்மானம். பேரவையில் அன்று விவாதம் சூடாகத்தான் நடந்தது, ஏலத்துக்கு முன் யாருக்கு எப்போது தெரியும், யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்று. அந்தக் கடிதங்கள் எழுதப்பட்ட அன்றே ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தால் எத்தனை மாதம் முன்னாலேயே வெளிச்சம் வந்திருக்கும்? கோட்டைக்கும் டெல்லிக்கும் நடுவில் போகிற காகிதம் எதுவும் கிராமத்துக்கு வருவதில்லை. வர வைக்கக்கூடிய ஒரே ஆள், இரண்டு பக்கமும் போய்வருகிற அந்த உறுப்பினர்தான்.

சரி, சுற்றிக்கொண்டு திரும்பவும் எம்.எல்.ஏ.விடமே வந்துவிட்டேன்.

16 ஆகஸ்ட் 2025

நேற்று மனைவி ஊரில் கிராம சபை. வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச்சும் நவம்பரும் 2022-ல் சேர்ந்தவை. அந்த ஊர் வாக்காளர் நான் இல்லை என்பதால் வேப்ப மரத்தடியில் ஓரமாக நின்றேன்.

எம்.எல்.ஏ. வந்தார். சால்வை, வணக்கம். பேசும்போது மாநிலத் திட்டங்களை வரிசையாகச் சொன்னார், எல்லாம் விளம்பரத்தில் பார்த்தவை. ஒரு அம்மா எழுந்தார்.

"ஐயா, அதெல்லாம் டிவியில சொல்றாங்க. எங்க ஊரு தண்ணித் தொட்டி என்னாச்சு? அதை நீங்கதான சொல்லணும்."

அவர் சட்டென்று பக்கத்திலிருந்த பி.டி.ஓ.வை, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்த்தார். பி.டி.ஓ. "எஸ்டிமேட் போயிருக்கு சார்" என்றார். எங்கே போயிருக்கிறது, எப்போது போனது? அது தெரியவில்லை. ஆனால் எம்.எல்.ஏ. ஒரு காரியம் செய்தார், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே போன் போட்டு யாரிடமோ கேட்டு, "நிர்வாக அனுமதி இன்னும் வரலைம்மா. நான் போன மாசமே வந்துருச்சுன்னு நினைச்சேன். வரலை" என்றார். கூட்டம் அமைதியாகக் கேட்டது. யாரும் கோபப்படவில்லை. "வரலை" என்ற ஒரு சொல்லுக்குத்தான் என் பழைய பி.ஏ. தம்பி அவ்வளவு பயந்தார்.

17 ஆகஸ்ட் 2025

கேட்டவருக்கு: தொட்டி இன்னும் இல்லை. ஒரு நாளில் எப்படி வரும்?

இன்னொருவருக்கு: ஆமாம், தேர்தல் அறிவித்ததும் தொகுதி அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள், நடத்தை விதி. ஆதாருக்கு முகவரிச் சான்றுப் படிவத்தில் எம்.எல்.ஏ. கையெழுத்து வேண்டுமென்றால் அதற்கு முன்பே போய் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு எம்.எல்.ஏ. ஆபீஸ் என்றால் அந்தக் கையெழுத்துத்தான்.

7 செப்டம்பர் 2025

வாயால் பேசியது போதும் என்று ஒரு மாதிரித் தாள் செட் செய்தேன். ஏ4, ஒரே நிறம், இரண்டு பக்கம். தலைப்பில் தொகுதியின் பெயர், மாதம். எம்.எல்.ஏ. படம் தபால் தலை அளவு. முதல் பக்கத்தில் பேரவை: எழுதிக் கொடுத்த கேள்விகள், அவையில் பதிலுக்கு வந்தவை, அமைச்சர் சொன்ன பதில் அப்படியே. "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் அதையும் அப்படியே போட வேண்டும். "ஆவன செய்யப்படும்" என்று அமைச்சர் அவையில் வாக்குக் கொடுத்தால் அதைப் பின்தொடர உறுதிமொழிக் குழு என்றே ஒன்று பேரவையில் இருக்கிறது, அங்கே போயிற்றா என்று ஒரு வரி. மறுபக்கத்தில் நிதிப் பணிகளின் கட்டம், என் பழைய கட்டமேதான். கீழே, எம்.எல்.ஏ.வால் முடியாததற்கு எங்கே போவது: முதல்வர் உதவி எண் 1100, பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது மனு கொடுக்கிற முறை.

துக்க வீட்டுக்கும் இடம் ஒதுக்கினேன், ஆசிரியைக்காக. "சந்தித்தோம், கேட்டோம்" என்று நான்கு வரி.

இரண்டு லட்சம் அடிக்க வேண்டாம். ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு, நூலகம், டீக்கடைப் பலகை, ஊராட்சி ஆபீஸ் சுவர் என்று ஒட்டினாலே தொகுதிக்குச் சில நூறு தாள் போதும். அதையே போட்டோ எடுத்துக் குழுவிலும் போடலாம்.

14 செப்டம்பர் 2025

மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு இப்போதைய எம்.எல்.ஏ.வின் பி.ஏ.வைப் பார்த்தேன். படித்தார், சிரித்தார், திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, சாருக்குப் படம் இவ்வளவு சின்னதாவா?"

பெரிசாக்குகிறேன் என்றேன்.

"இந்தக் கேள்வி லிஸ்டுல, பதில் வராததை விட்டுரலாமா?"

அதை மட்டும் விட முடியாது என்றேன். யோசித்தார். "எதிர்க்கட்சிக்காரன் இதையே போஸ்டர் அடிப்பான்" என்றார். அடிக்கட்டும், அதுவும் என்னிடம்தான் வரும் என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

12 அக்டோபர் 2025

நாளை மறுநாள், 14-ம் தேதி, பேரவை கூடுகிறது. பி.ஏ. நேற்று போன் செய்தார். சார் தாளைப் பார்த்தாராம். நிதிக் கட்டத்துக்குச் சம்மதம், ஆனால் ஊர்ப் பெயரை அகர வரிசையில் போடாமல் ஒன்றிய வாரியாகப் போடச் சொன்னாராம், அப்போது வராத ஊர் கண்ணுக்குத் தெரியாது. நான் முடியாது என்றேன். பேரம் நடந்துகொண்டிருக்கிறது.

படம் பெரிசாகிவிட்டது. இப்போது தீப்பெட்டி அளவு.

நடுவில் ஒருவர் கேட்டாரே, தேர்தல் நோட்டீசில் அச்சகத்தின் பெயர் ஏன் போட வேண்டும் என்று: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாமல் அடித்தால் அடித்தவன் மேலும் வழக்கு. இந்த மாதத் தாள் தேர்தல் நோட்டீஸ் இல்லை என்றாலும் என் பெயரைப் போடத்தான் போகிறேன். யாராவது திட்டுவதானால் நேரே அச்சகத்துக்கே வரட்டும்.